144 அடிகள்: ஜிம் ஹாலைப் பின்தொடர்ந்த ஐந்து மாதங்கள்

ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு நோட்டில் எழுதி வைத்த திட்டம் இது: ஜாஸ் கிதார் கலைஞர் ஜிம் ஹாலின் சோலோ (தனி வாசிப்பு) ஒன்றைக் காதால் கேட்டே எடுத்து, முழுவதையும் மனப்பாடமாக வாசிப்பது. இன்றைய நிலவரப்படி அவருடைய சோலோவில் எட்டு பார் (நான்கு அடி கொண்ட தாளத்துண்டு) கூட ஒழுங்காக என்னிடம் இல்லை. வேறொன்று வந்திருக்கிறது. அதற்குத்தான் இந்தக் குறிப்பு.

ஹாலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சோம்பல்தான். எனக்கு விரல்வேகம் கிடையாது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அது வரப்போவதும் இல்லை. ஹால் மெல்ல வாசிப்பவர், குறைவாக வாசிப்பவர் என்று எல்லோரும் சொல்வார்கள். குறைவென்றால் சுலபம்தானே என்று கணக்குப் போட்டேன். இரண்டாம் வாரமே கணக்கு உதைத்தது.

முதலில் கையிலெடுத்தது 1975 ஜூனில் டொராண்டோவின் போர்பன் ஸ்ட்ரீட் கிளப்பில் பதிவான நேரடிக் கச்சேரி இசைத்தட்டு. பாஸில் (கீழ்ச்சுரம் தரும் பெரிய தந்திக் கருவி) டான் தாம்ப்சன், டிரம்ஸில் டெரி கிளார்க். தட்டில் மொத்தம் ஐந்தே பாட்டுகள். அதில் 'ஏஞ்சல் ஐஸ்' பாட்டை வேகத்தைக் குறைத்துப் போட்டுப் போட்டுக் கேட்டேன். ஹால் ஒரு சின்னச் சொற்கட்டை எடுப்பார். அதையே கொஞ்சம் தள்ளி வைப்பார். ஒரு சுரத்தை மட்டும் மாற்றுவார். பிறகு பேசாமல் இருப்பார். சுரங்களைக் கண்டுபிடிப்பது பெரிய பாடாக இல்லை. ஆனால் கைபேசியில் என் வாசிப்பைப் பதிந்து கேட்டால், யாரோ மளிகைப் பட்டியலை வாசிப்பது போல இருந்தது. ஒவ்வொரு சுரமும் ஒரே கனத்தில் விழுந்தது. அவருடையதில் பாதிச் சுரங்கள் விழவே இல்லை, நழுவிக்கொண்டு வந்தன.

குற்றம் விரலில் இல்லை, கிதாரில்தான் என்று நம்புவது மனித இயல்பு. நானும் நம்பினேன். ஹால் பல ஆண்டுகள் வாசித்தது கிப்ஸன் ஈஎஸ்-175; இன்னொரு கிதார் கலைஞரான ஹோவர்ட் ராபர்ட்ஸிடமிருந்து வாங்கியது. பிற்காலத்தில் ஜிம்மி டக்விஸ்டோ கையால் செய்த கிதார். இரண்டும் என் பையின் ஆழத்துக்கு எட்டாதவை. ஆனால் அவர் கட்டியது ஃபிளாட்வூண்ட் தந்தி. அது கிடைக்கும். வழக்கமான தந்தியில் சுற்றுக்கம்பி உருண்டையாக இருப்பதால் விரல் நகரும்போது கீச்சென்று சத்தம் வரும். ஃபிளாட்வூண்டில் சுற்று பட்டையாக, வழவழவென்று இருக்கும். கீச்சு இல்லை, மினுக்கும் இல்லை. ஒலி கொஞ்சம் மங்கலாக, மரப்பெட்டிக்குள்ளிருந்து வருவது போல வரும்.

கட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் வாங்கிய செட்டில் மூன்றாவது தந்தியும் சுற்றிய தந்தி. என் கிதாரின் நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பட்டை) பள்ளம் சுற்றாத மெல்லிய தந்திக்காக வெட்டப்பட்டது. புதியது உள்ளே இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொண்டது. கடையில் கொடுத்தேன். அகலப்படுத்தச் சொன்னதை ஆழப்படுத்திக் கொடுத்துவிட்டார்கள். திறந்து மீட்டினால் கழுத்தின் முதல் ஃபிரெட்டில் (குறுக்குக் கம்பி) பட்டு 'ஜ்ர்ர்' என்றது. கடைசியில் சமையல் சோடாவைப் பள்ளத்தில் நிரப்பி, ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, அது கல்லாக இறுகிய பிறகு ஊசி அரத்தால் நானே மெல்ல அறுத்தேன். மூன்றாவது தந்தியின் சேடிலையும் (கீழ்முனையில் தந்தியைத் தாங்கும் துண்டு) நட்டின் பக்கமாகச் சற்று முன்னே நகர்த்த வேண்டியிருந்தது. இல்லையென்றால் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் சுருதி இறங்கியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே போயிற்று. வீட்டில் யாரும் அதை வேலையாகக் கருதவில்லை.

தந்தியைவிடப் பெரிய மாற்றம் செலவில்லாமல் வந்தது. ஹாலுக்கு ஆம்ப்ளிஃபையர் சத்தம் கூட்டும் பெட்டி அல்ல. கையை இன்னும் மெல்ல வைத்துக்கொள்வதற்கான வசதி. நானும் ஒலியளவைக் கூட்டி வைத்து, பிக்கை (தந்தி மீட்டும் சிறு வில்லை) நுனி மட்டும் தெரியும்படி பிடித்து, தந்தியைத் தடவுகிற அளவில் தொட்டேன். அன்றுதான் பதிவில் முதல் தடவையாக ஏதோ நழுவியது. சீலிங் ஃபேனின் சத்தமும் கூடவே பதிவாகியிருந்தது என்பது வேறு.

இப்படி மெல்ல வாசித்தும் எப்படித் தாளம் சரியாமல் நிற்கிறார் என்ற கேள்வி வந்தபோது சோலோவை ஓரங்கட்டிவிட்டு அவருடைய பழைய பதிவுகளுக்குப் போனேன். 1930இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் பிறந்தவர், வளர்ந்தது கிளீவ்லண்டில். பதின்மூன்று வயதில் பென்னி குட்மேன் குழுவின் 'கிராண்ட் ஸ்லாம்' தட்டில் சார்லி கிறிஸ்டியனின் கிதாரைக் கேட்டதுதான் அவரைத் திருப்பியது. கிளீவ்லண்ட் இசைக்கல்லூரிப் படிப்பு முடிந்ததும் 1955இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய், செல்லோவும் புல்லாங்குழலும் இருந்த சிகோ ஹாமில்டன் குழுவில் சேர்ந்தார். அடுத்தது ஜிம்மி ஜூஃப்ரியின் மூவர் குழு. எனக்கு விடை கிடைத்தது இங்கேதான். ஒரு கட்டத்தில் அந்தக் குழுவில் ஜூஃப்ரி, வால்வ் டிராம்போனில் பாப் புரூக்மேயர், கிதாரில் ஹால். பாஸ் கிடையாது, டிரம்ஸும் கிடையாது. ஊதுகிற இருவருக்கும் கீழே தரையாக நின்றது ஒரே ஒரு கிதார். அப்படி நின்று பழகிய கைக்குத் தாளம் எங்கே போகும்?

1962இல் சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் 'தி பிரிட்ஜ்' தட்டைப் பதிந்தபோது பியானோ வைத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் ஹாலை வைத்துக்கொண்டார். அதற்கு முன் ரோலின்ஸ் கச்சேரிகளையெல்லாம் நிறுத்திவிட்டு நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நின்று சாதகம் செய்தார் என்பது ஜாஸ் உலகில் எல்லோரும் சொல்லும் கதை. தட்டின் பெயரும் அதிலிருந்து வந்ததே. எல்லோரும் சாக்ஸபோனைத்தான் கேட்பார்கள். ஒரு தடவை கிதாரை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ரோலின்ஸ் மூச்சு வாங்கும் இடைவெளியில் இரண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வைத்துவிட்டு ஹால் ஒதுங்கிக்கொள்வார். நல்ல பக்கவாத்தியக்காரரின் வேலை.

அதே ஆண்டில் பியானோ கலைஞர் பில் எவன்ஸுடன் ஹால் பதிந்த 'அண்டர்கரண்ட்'டில்தான் நான் இன்னும் சிக்கிக்கொண்டிருக்கிறேன். பியானோவும் கிதாரும் மட்டும். இரண்டுமே கார்டு வாசிக்கும் கருவிகள் என்பதால் எளிதில் முட்டிக்கொள்ளும். (உறையில் வெள்ளை உடையில் தண்ணீருக்குள் மிதக்கும் பெண்ணின் படம் டோனி ஃபிரிசெல் 1947இல் ஃபுளோரிடாவின் வீக்கி வாச்சி ஊற்றில் எடுத்தது. அந்தப் படத்துக்காகவே தட்டை வாங்கியவர்கள் இருப்பார்கள்.) முதல் பாட்டு 'மை ஃபன்னி வாலன்டைன்'. வழக்கமாகச் சோகமாக இழுத்துப் பாடுவதை இருவரும் ஓட்டமாக எடுக்கிறார்கள். நடுவில் எவன்ஸ் சோலோ வாசிக்கையில் ஹால் ஒரு பாருக்கு நான்கு அடி என்று தட்டிக்கொண்டே போகிறார். கவுண்ட் பேஸி குழுவில் 1937இலிருந்து சாகும்வரை கிதார் கலைஞர் ஃபிரெடி கிரீன் செய்த அதே எளிய வேலை. தந்தியில் மரம் ஒலிக்கிறது. பாஸ், டிரம்ஸ் இரண்டும் அந்த நிமிடத்தில் அங்கே இருப்பது போலவே படுகிறது.

இதுதான் வேண்டும் என்று முடிவெடுத்தது இரண்டாம் மாதக் கடைசியில். பாட்டின் ஒரு சுற்று 36 பார். நான்கால் பெருக்கினால் 144 அடி. ஆறாவது, நான்காவது, மூன்றாவது தந்திகளில் மட்டும் மூன்று சுரம் பிடிக்கிறேன். ஐந்தாவதை விரலின் பக்கத்தால் அடக்க வேண்டும். அடித்தவுடன் இடக்கையைச் சற்றுத் தளர்த்தினால் சத்தம் அறுந்து 'சக்' என்று நிற்கும். தளர்த்துவது ஒரு கணம் பிந்தினால் சேறு. முந்தினால் வெறும் தகரம்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 100 அடியில் தொடங்கினேன். மூன்று வாரம் 120இலேயே நின்றேன். முன்னங்கை வலித்ததும், முழங்கையிலிருந்து அடிப்பது தெரியவந்து, மணிக்கட்டுக்கு மாற்றினேன். பிறகு மெட்ரோனோமை இரண்டாவது, நான்காவது அடிகளில் மட்டும் ஒலிக்க வைத்தேன். முதல் நாள் அவமானம். இப்போது 142இல் மூன்று சுற்று, அதாவது 432 அடி தாங்குகிறது. தட்டில் உள்ள வேகம் இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது.

இடையிடையே மற்றவற்றையும் கேட்டேன். 1975இன் 'கான்சியர்டோ' புகழ்பெற்றது. ரோட்ரிகோவின் அரன்ஹுவெஸ் கான்சர்டோவை டான் செபெஸ்கி அமைத்துக் கொடுக்க, டிரம்பெட்டில் செட் பேக்கரும் சாக்ஸபோனில் பால் டெஸ்மண்டும் கூட வாசித்த 19 நிமிடம். எனக்கென்னவோ கொஞ்சம் வாசனை தூக்கலான பாயசம். ரான் கார்ட்டரின் பாஸுடன் தனியாக வாசித்த 1972இன் 'அலோன் டுகெதர்' பக்கம்தான் கை போகிறது. 1999இல் கிதார் கலைஞர் பாட் மெத்தீனியோடு தட்டு போட்டபோது ஹாலுக்கு வயது அறுபத்தெட்டை ஒட்டி. 2013 டிசம்பரில், 83 வயது நிறைந்த ஆறாம் நாள் இறந்தார்.

போன சனிக்கிழமை மைத்துனர் மகன் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் 144 அடியைத் தொடங்கினேன், அவன் மேலே வாசித்தான். அரைச் சுற்றிலேயே நிறுத்தி, மாமா, நம் இருவர் சத்தமும் கீழே மோதுகிறது என்றான். சரிதான், அவன் இடக்கையும் என் ஆறாவது தந்தியும் ஒரே இடத்தில் குந்தியிருந்தன. இடக்கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நன்றாகப் போயிற்று. பதிவைப் போட்டு அளந்தால், 142இல் தொடங்கி 158இல் முடித்திருக்கிறோம். ஓடியது அவன் அல்ல, நான். மூன்றாம் சுற்றில், கடைசிப் பன்னிரண்டு பாரில். அந்தப் பன்னிரண்டை மட்டும் தனியாக வெட்டி வைத்து இந்த வாரம் தட்டிக்கொண்டிருக்கிறேன்.