ஹெச்.ஓ. கிடங்கை 28 மி.மீ. வார்கேமுக்கு மாற்றுதல்: நாட்குறிப்பு

பிப்ரவரி 3

கையில் இருப்பது மாடல் ரயில்வேக்கான ஹெச்.ஓ. செங்கல் கிடங்கு கிட், இரண்டு மாடி. ஹெச்.ஓ. என்பது ரயில் மாடல்களின் ஒரு அளவு, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு (1:87). வார்கேம் எனும் மேசைப் போர் விளையாட்டில் வைக்கும் 28 மி.மீ. மினியேச்சர்களோ (சிறு படைவீரர் பொம்மைகள்) ஏறக்குறைய 1:56. இந்த வித்தியாசத்தைச் சுவர் காட்டிக்கொடுக்காது. கதவு, படி, கைப்பிடி என்று ஆள் புழங்கும் இடங்கள்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் கிட் வாங்கும்போது வீடுகளைத் தவிர்த்துவிட்டு, பெரிய சுவரும் குறைந்த கதவுகளும் உள்ள கிடங்கு, ஆலை, பட்டறை பக்கம் போவதே நல்லது. இன்னும் சிறிய 10 மி.மீ. படை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடே இல்லை, 1:160 கிட்டை அப்படியே வைக்கலாம்.

பிப்ரவரி 4

வெட்டுவதற்கு முன் அளவு. 2 மீட்டர் கதவு ஹெச்.ஓ.வில் 23 மி.மீ.தான் வரும். மினியேச்சர் பேஸோடு (காலடித் தட்டோடு) சேர்த்து 33, 34 மி.மீ. நிற்கிறது. ஆகவே வாசல் உயரம் 40. பேஸ் 25 மி.மீ. என்பதால் அகலம் 28. இந்த அகலத்தில் ஒற்றைக் கதவு கண்ணை உறுத்தும். இரட்டைக் கதவாக்கினால் கிடங்குக்குப் பொருந்திவிடும்.

ஒரு மாடியின் உயரம் 40 மி.மீ. கூட இல்லை, தலை இடிக்கும். நடுத்தளத்தை எடுத்துவிட்டு இரண்டு மாடியையும் ஒன்றாக்க வேண்டியதுதான். மேல் சன்னலுக்கும் கீழ் சன்னலுக்கும் நடுவே உள்ள செங்கல் பட்டையை வெட்டி எடுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே நெடிய ஆலைச் சன்னலாகிவிடும். இந்த மாற்றத்தில் அதிகப் பலன் தரும் வெட்டு இதுதான்.

பிப்ரவரி 8

சுவர்களை ஒட்டுவதற்கு முன்பே, தட்டையாக இருக்கும்போதே வெட்டியாயிற்று. வாசலின் மேல் மூலைகள் இரண்டிலும் 2 மி.மீ. துளை, பிறகு கோட்டின் மேல் பிளேடை லேசாகப் பலமுறை இழுப்பது. அவசரப்பட்டு அழுத்தினால் விரிசல் பக்கத்துச் சன்னல் மூலைக்கு ஓடிவிடும். துளை இருந்தால் அங்கேயே நிற்கும். வெட்டிய ஓரத்தை அரத்தால் சமன் செய்து, 2 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) பட்டையால் வாசல் நிலை. சுவர் எவ்வளவு மெலிசு என்பதையும் அது மறைக்கிறது. கதவுக்கு 1 மி.மீ. ஷீட், 4 மி.மீ. இடைவெளியில் பலகைக் கோடுகள்.

பிப்ரவரி 9

ஒட்டும் நாள். ரயில் லேஅவுட்டில் கட்டடம் வைத்த இடத்திலேயே இருக்கும், இங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கை படும். ஆகவே நான்கு உள்மூலைகளிலும் 6 மி.மீ. சதுரக் கம்பி.

உள்சுவராக இன்னொரு ஷீட் ஒட்டுவதாக இருந்தால் பிளாஸ்டிக் சிமென்ட்டைக் கொஞ்சமாக, ஓரத்தில் மட்டும் விட வேண்டும். இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் மாட்டிய கரைப்பான் வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக்கை இளக்கி, சில நாள் கழித்துச் சுவர் வளைந்து நிற்கும். உள் ஷீட்டில் ஆங்காங்கே சிறு துளைகள் போட்டுவிட்டேன். சன்னல் கண்ணாடிக்கு சூப்பர் க்ளூ கூடாது, அதன் ஆவி வெண்படலமாகப் படியும். பி.வி.ஏ. (வெள்ளைப் பசை) போதும்.

பிப்ரவரி 15

உள்ளே மினியேச்சர் வைக்கக் கூரை கழன்று வர வேண்டும். அடியில் ஒட்டும் பட்டைக்கும் சுவருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் அரை மி.மீ. இடைவெளி. இப்போது தாராளமாகத் தெரிந்தாலும் பிரைமர், பெயின்ட், வார்னிஷ் ஏறியதும் சரியாக இருக்கும். இறுக்கமாகப் பொருந்தும் கூரை பெயின்ட்டுக்குப் பிறகு சிக்கிக்கொள்ளும். புகைபோக்கியைப் பிடித்துத்தான் எல்லோரும் கூரையைத் தூக்குவார்கள், ஆகவே அதற்குள் கம்பி செருகி ஒட்டியிருக்கிறது.

கிட்டின் படிக்கட்டுக் கைப்பிடி உயரம் 11 மி.மீ., குப்பைக்கு. புதியது 18. படிக்கட்டில் பேஸ் நிற்காது என்பதால் மேலே 30 மி.மீ. சதுரத் திண்ணை.

பிப்ரவரி 16

ஒரு செங்கல் வரியின் உயரம் 0.9 மி.மீ., வேண்டியதோ 1.3. தூரத்தில் தெரியாது, ஆனால் மினியேச்சர் ஒட்டி நிற்கும் இடத்தில் தெரியும். வாசல் உயரம் வரை ஃபில்லரால் காரை பூசி, மேலே மட்டும் பெயர்ந்த மாதிரி செங்கல்லை விட்டேன்.

பிப்ரவரி 22

3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) அடித்தட்டு, ஓரம் சரித்து இழைத்தது. மேல் பக்கம் மட்டும் பி.வி.ஏ. தடவினால் காயும்போது வளைந்துவிடும். முதலில் இரண்டு பக்கமும் பெயின்ட். மேட் வார்னிஷ் நன்றாகக் காயும்வரை கூரையை மாட்டவே கூடாது, ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது சுவர் விளிம்பிலிருந்து பெயின்ட் உரிந்து வரும்.