எழும்பூர் மைதான வாசலில்

காவலர் தேர்வின் உடல்தகுதிச் சுற்றுக்காக அக்கா மகளை இன்று எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்தில் கொண்டுவந்து விட்டேன். எழுத்துத் தேர்வும் தமிழ்த் தாளும் தாண்டியாச்சு. இன்று 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஆறு மாதமாக விடியற்காலை நாலரைக்கே எழுந்து ஓடிய பெண் அவள். வாசலில் சான்றிதழ் கவரும் வாழைப்பழமுமாக அம்மாக்கள் கூட்டம்.

தமிழகக் காவல்துறைக்குப் பெண்கள் வந்ததே 1973இல்தான், அதுவும் இருபத்துச் சொச்சம் பேர்! இன்று இந்த வரிசையைப் பார்க்கவே நெஞ்சு நிறைகிறது.

தேர்வானால் அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி: கவாத்து, சட்டம், துப்பாக்கி. நடுங்கிக்கொண்டு புகாரோடு வருபவரிடம் “உட்காருங்கம்மா” என்று சொல்லப் பழக்கவும் கவாத்து நேரத்தில் பாதியாவது ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

மணி பத்தாகிறது. இன்னும் அவள் வெளியே வரவில்லை.