கதை கேட்ட பாலையா

நம் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், பள்ளிக்கால நினைவு எதுவானாலும் எழுதலாம் என்று தாராளமாகச் சொல்லிவிட்டதால், ஆசிரியர்களையும் தேர்வுகளையும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, நம் தில்லிப் பள்ளியில் எங்கள் வகுப்பு ஏறக்குறைய மனப்பாடமாக அறிந்திருந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தைப் பற்றி எழுதுகிறேன். 1964-இல் வெளிவந்த படம் அது. எங்களில் ஒருவர்கூட அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் எண்பதுகளின் நடுவில், தெருவில் இந்தியும் வீட்டில் தமிழுமாகப் பேசித் திரிந்த எங்களுக்கு, புதிய படங்கள் எவற்றையும்விட அதுதான் நெருக்கமாக இருந்தது.

அதற்குக் காரணம் பெரும்பாலும் வீடியோ கேசட்டைத் தொலைக்காட்சியில் ஓட்டிக் காட்டும் வி.சி.ஆர். கருவிதான். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தபின், சரோஜினி நகர், லட்சுமிபாய் நகர் குவார்ட்டர்ஸ்களில் நான்கைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஓர் இரவுக்கு வி.சி.ஆரை வாடகைக்கு எடுப்பது வழக்கமாயிற்று. குளிர்கால இரவில் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள் குழந்தைகளும் நாற்காலிகளில் பெரியவர்களுமாக உட்கார்ந்து பார்க்க என்ன கேசட் எடுப்பது என்ற வாக்குவாதம் எழும்போதெல்லாம், யாரும் முகம் சுளிக்காத, யாரும் அழவும் வேண்டாத படம் என்பதால் கடைசியில் இதற்கே வந்து நிற்பார்கள். 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஆகிய படங்களால் தங்களைக் கண்ணீர் விட வைத்த அதே ஸ்ரீதர்தான் இதையும் எடுத்தார் என்பதை எங்கள் அம்மாக்கள் ஒவ்வொரு முறையும் புதிய செய்தி போல வியந்து சொல்வார்கள். ஸ்ரீதரின் பள்ளித் தோழரான கோபு நகைச்சுவைப் பகுதிகளுக்குத் துணைநின்றார் என்பதை நான் பிற்பாடுதான் படித்து அறிந்தேன்.

கதையை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. பணக்கார மாப்பிள்ளைகளுக்கு ஆசைப்படும் எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் (பாலையா), பட்டணத்தில் படித்துத் திரும்பிய இரண்டு பெண்கள், சினிமா எடுத்தே தீருவேன் என்று 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' தொடங்கும் மகன் செல்லப்பா (நாகேஷ்), வேலையை இழந்த அசோக் (ரவிச்சந்திரன்), அசோக்குக்காகப் பணக்காரத் தந்தையாக வேடம் கட்டும் நண்பன் வாசு (முத்துராமன்) ஆகியோரே படம். வில்லன் என்று ஒருவரும் இல்லை. தந்தையின் பேராசை ஒன்றே எல்லாச் சிக்கலுக்கும் போதுமானதாக இருக்கிறது. அந்தப் பேராசையும் வெறுக்கத் தக்கதாக இல்லாமல், நம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் நாமே பார்த்திருப்பதாகத் தோன்றுகிறது.

வேலை பறிபோன அசோக், முதலாளியின் வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு, 'விஸ்வநாதன் வேலை வேணும்' என்று பாடுகிற கட்டம் தில்லிப் பிள்ளைகளுக்குத் தனிச் சுவை தந்தது. தர்ணா என்பது எங்களுக்கு அன்றாடக் காட்சி. போட் கிளப் புல்வெளியில் ஊர்வலம் வந்து உட்கார்ந்தால் பஸ் திரும்பிப் போகும், வீட்டுக்கு வந்து சேரத் தாமதமாகும். எங்கள் தந்தையரில் பலர் மத்திய அரசு ஊழியர்கள். அலுவலக வாயிலில் நின்று கோஷம் போட்டுவிட்டு வந்தவர்களே, இந்தப் பாட்டு வந்ததும் முதலாளியின் பக்கம் நின்று சிரிப்பார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர்கள் ரவிச்சந்திரனின் கட்சி. ஆனால் பாலையா அப்படி முழிக்கும்போது கட்சி எங்கே நினைவிருக்கும்?

பாலையாவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். படத்தின் புகழ்பெற்ற காட்சி, செல்லப்பா தந்தைக்குக் கதை சொல்கிற இடம். படத்துக்குப் பணம் கறக்க நினைக்கும் மகன், திகில் கதை ஒன்றைக் காற்று, கதவு, காலடி என அத்தனை ஓசைகளையும் தன் வாயாலேயே எழுப்பிச் சொல்ல, அலட்சியமாகக் கேட்கத் தொடங்கிய தந்தை மெல்ல மெல்ல அந்தக் கதைக்குள் போய் மாட்டிக்கொள்கிறார். எல்லோரும் இதை நாகேஷின் காட்சி என்பார்கள். எங்கள் தமிழாசிரியர் ஒருவர்தான் அப்படிச் சொல்லவில்லை.

பள்ளி ஆண்டு விழாவுக்கு இந்தக் காட்சியை நடித்துக் காட்ட விரும்பினோம். நாகேஷ் வேடத்துக்கு வகுப்பில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் வேடத்தை யாரும் கேட்கவில்லை. "நாகேஷ் இந்த வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கீங்க; முதல்ல ஒரு பாலையாவைக் கண்டுபிடிங்கடா" என்றார் ஆசிரியர். தேர்வுக்காக எங்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்து, தாமே கதை சொல்லி, எங்கள் முகங்களைப் பார்த்தார். பேசுகிறவனுக்குப் பேச்சு துணையிருக்கிறது, கேட்கிறவனுக்கு ஒன்றுமில்லை என்பதை அன்று நாற்காலியில் உட்கார்ந்தபோது உடம்பால் உணர்ந்தோம். பலர் தேவைக்கு முன்பே பயந்தோம். சிலர் பயப்படுவதற்குப் பதிலாகச் சிரித்துவிட்டோம். கடைசி வரிசையில் வாயே திறக்காத ஒருவனுக்கு வேடம் கிடைத்தது. விழாவன்று தமிழ் தெரியாத எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர், ஹரியானாக்காரர், நாற்காலியின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தது அவனைப் பார்த்துத்தான்.

விழா முடிந்ததும் ஒரு சண்டை. எங்களுடன் படித்த இந்திக்காரப் பிள்ளைகள், இது இந்தி நகைச்சுவை நடிகர் மெஹ்மூதின் காட்சி, நீங்கள் திருடிவிட்டீர்கள் என்றார்கள். அவர்கள் சொன்னது 1966-இல் வந்த 'பியார் கியே ஜா'. அதையும் எடுத்தவர் ஸ்ரீதரே என்பதும், தமிழ்தான் முந்தியது என்பதும் வீட்டில் கேட்டு வந்து மறுநாள் வாதாடினோம். மெஹ்மூதுக்கு அந்தப் படத்துக்காக ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது என்று அவர்களும் விடவில்லை. பிற்பாடு இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். மெஹ்மூத் உடம்பு முழுவதையும் செலவழிக்கிறார். நாகேஷுக்கு அந்த ஒல்லி உடம்பும் குரலும் போதும். ஆனால் இந்தியிலும் காட்சியைத் தாங்கிப் பிடிப்பவர் தந்தையாக உட்கார்ந்திருக்கும் ஓம் பிரகாஷ்தான். தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட இந்தக் கதை எடுக்கப்பட்டது. அவற்றை நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டுக்கு வந்தபின் படத்தின் வேறு சில அழகுகளும் கண்ணில் பட்டன. வின்சென்ட்டின் வண்ண ஒளிப்பதிவை, தேய்ந்த கேசட்டில் பார்த்த நாங்கள் உண்மையில் பார்த்திருக்கவே இல்லை. கிழவர் வேடத்தில் முத்துராமன் நிற்க, சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரலில் தலைப்புப் பாடல் ஒலிப்பது எவ்வளவு துணிச்சலான குறும்பு என்பதும் பிறகே புரிந்தது. காதல் காட்சிகள் மட்டும் இப்போது சற்று நீளமாகத் தோன்றுகின்றன. வேகமாக ஓட்டிவிடுகிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதால் சங்கத்தில் என் உறுப்பினர் உரிமைக்கு ஆபத்து வராது என நம்புகிறேன்.

சென்ற ஆண்டு என் மருமகனுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினோம். அவருக்குத் தமிழ் தெரியாது. கீழே ஓடிய எழுத்துகளைப் பொறுப்பாகப் படித்துக்கொண்டு வந்தவர், கதை சொல்லும் காட்சியில் பாதியிலேயே படிப்பதை நிறுத்திவிட்டார். நாகேஷ் எழுப்பும் ஓசைகளுக்குக் கீழே ஒன்றும் எழுதப்படவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. படம் முடிந்ததும், அந்தப் பெரியவர் வேறு என்ன படங்களில் நடித்திருக்கிறார் என்று கேட்டார். 'திருவிளையாடல்' படத்தின் ஹேமநாத பாகவதரையும் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் தவில்காரரையும் அன்றிரவே எடுத்துக் காட்டினேன். மறுநாள் அவருக்கு அலுவலகம் இருந்தது என்பதை என் மகள்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.