பதினோரு காலடி

மார்ச் 29, 2020

வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. 11-ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னபோதுகூட, பத்துப் பதினைந்து நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

போன் கணக்கு வைத்திருக்கும் நடையை இன்று தற்செயலாகப் பார்த்தேன். பிப்ரவரியில் ஒரு நாளுக்குச் சராசரி 7,200 காலடி. இந்த வாரம் 1,300. நான் ஒருநாளும் உடற்பயிற்சி செய்தவள் இல்லை. அதனால் ஊரடங்கில் எனக்கு நிறுத்துவதற்கும் எதுவும் இல்லை என்று இருந்தேன். அப்படியானால் மீதி 5,900 எங்கே போனது? பேருந்து நிறுத்தம், அலுவலக மாடிப்படி, வேறு பிரிவில் இருப்பவரிடம் ஒரு கையெழுத்து. இதையெல்லாம் யார் பயிற்சி என்று சொன்னார்கள்!

ஏப்ரல் 6

மேசையிலிருந்து சமையலறைக்கு 11 காலடி. எண்ணிவிட்டேன். இன்று ஒன்பது முறை போய் வந்திருக்கிறேன்.

நான்காவது முறை பிஸ்கட் டப்பாவைத் திறக்கும்போது இவர் கேட்டார்: "பசிக்குதா?"

"இல்ல, மீட்டிங் முடிஞ்சுது."

வாயிலிருந்து தானாக வந்த பதில். அப்புறம்தான் யோசித்தேன், உண்மையும் அதுதான். அலுவலகத்தில் ஒரு கூட்டம் முடிந்தால் எழுந்து நான்கு பேரிடம் பேசிவிட்டு இருக்கைக்குத் திரும்புவேன். இங்கே அந்த இடைவெளியில் பிஸ்கட் இருக்கிறது.

குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டேன். விடுபட்ட நடை ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். என் எடைக்கு 200 கலோரி பக்கம் வரும். மூன்று இனிப்பு பிஸ்கட்டிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒருபக்கம் 200 செலவாகவில்லை, மறுபக்கம் 200 கூடுதல் வரவு. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்பார்கள். உடம்பு இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் கடைக்காரர் அல்ல என்று தெரியும். ஆனாலும் எடைக்கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஏப்ரல் 15

எல்லோரும் செய்கிறார்களே என்று நானும் வீடியோ பார்த்துக் குதித்தேன். 20 நிமிடம். 12-ஆவது நிமிடத்தில் கீழ்வீட்டிலிருந்து போன். மாலையில் முழங்கால் வீங்கியது. பல வருடம் உட்கார்ந்தே இருந்த காலைத் திடீரென்று குதிக்கச் சொன்னால் அது என்ன செய்யும்? அந்த வீடியோவில் வரும் பெண் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஏப்ரல் 19

முழங்காலுக்கு ஓய்வு. கேக் செய்தோம்.

மே 3

கட்டிலுக்கு அடியிலிருந்து கருவியை எடுத்தேன். மூன்று கிலோ கூடியிருக்கிறது.

பகலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நள்ளிரவு தாண்டியும் தொற்று எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், காலையில் சாப்பாட்டு ஆசையோடு எழுந்திருக்கிறேன். தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் கூடும், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் குறையும் என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதிலும் அந்த நேரத்தில் மனம் கேட்பது இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும்தான். வெள்ளரிக்காய் வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எரிச்சல் என்னவென்றால், இவருக்கு இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. வெளிச்சாப்பாடு நின்றது, மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறார், பயண நேரம் மிச்சமானதால் காலையில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி வேறு. ஒரே ஊரடங்கு, ஒரே சமையல்!

மே 24

லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்றைப் படித்தேன். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் வெளியிட்டது. இரண்டு அடுக்குப் பேருந்தில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவார். நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. அவர்கள் யாரும் பயிற்சிக்கு என்று ஏறவில்லை, டிக்கெட் கொடுக்கத்தான் ஏறினார்கள்.

நானும் நடத்துநராகத்தான் இருந்திருக்கிறேன். மார்ச்சில் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஜூன் 14

இப்போது போன் வந்தால் உட்கார்ந்து பேசுவதில்லை. அம்மா கூப்பிட்டால் ஒரு மணி நேரம் நிச்சயம், கூடத்தில் அங்கும் இங்கும் நடந்தே பேசுகிறேன். "என்னடி மூச்சு வாங்குது, காய்ச்சல் இருக்கா?" என்று பதறிப் போனார். இந்தக் காலத்தில் மூச்சு வாங்குவதைக்கூட விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, அவ்வளவுதான். டம்பெல் எங்கேயும் கிடைக்கவில்லை, சொல்லி வைத்திருக்கிறோம்.

10,000 காலடி இலக்கையும் விட்டாயிற்று. அது 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயராம், 'மான்போகே', அதாவது பத்தாயிரம் அடி அளவி. விளம்பரத்துக்காக வைத்த எண்ணுக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? எனக்கு 5,000 போதும்.

பிஸ்கட் டப்பா பரணுக்குப் போய்விட்டது. வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

நவம்பர் 27

உலகச் சுகாதார நிறுவனம் இந்த வாரம் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. எனக்குப் பிடித்தது இன்னொன்று. 2010-இல் வந்த பழைய வழிகாட்டுதலில் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு. அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் படி ஏறினாலும் சேரும்.

இவரிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ ஸ்டூல் ஏறுறதும் சேருமா?" என்றார்.

பரணில் டப்பா இடம் மாறியிருப்பதை நேற்றே பார்த்தேன். நான் மட்டும்தான் ஏறுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.