களைச்செடியில் இருப்பது எந்த வைரஸ்?

கி.பி. 752இல் ஜப்பானியப் பேரரசி கோகென் பாடியதாகச் சொல்லப்படும் சிறு கவிதையொன்றில், உறைபனி படிந்தாற்போலக் கோடையிலேயே மஞ்சளாகிப்போன இலைகளைக் கொண்ட ஒரு செடி வருகிறது. தாவர வைரஸ் நோயைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றாக இதைத்தான் கருதுகிறார்கள். அந்தச் செடி பயிரன்று, யூபடோரியம் என்னும் காட்டுச்செடி. அதை மஞ்சளாக்குவது பெகோமோவைரஸ் என்னும் வகையைச் சேர்ந்த ஒரு வைரஸும் அதற்குத் துணையாக வரும் பீட்டாசாட்டிலைட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையமும் என்பது 2003இல்தான் தெளிவாயிற்று.

மஞ்சள் நரம்பையோ இலைச்சுருளையோ கண்ணால் பார்த்து வைரஸின் பெயரைச் சொல்லிவிட முடியாது. சத்துக் குறைபாடும் களைக்கொல்லியின் சாரலும் ஏறத்தாழ அதே தோற்றத்தைத் தருவதுண்டு. 1977 முதல் தாவர வைரஸ்களுக்குப் பயன்பட்டுவரும் எலைசா என்னும் புரதச் சோதனைக்கு, ஏற்கெனவே அறிந்த வைரஸைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் வேண்டும், மரபணுத் துண்டைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறைக்கும் ஓரளவாவது அறிந்த மரபணு வரிசை வேண்டும். யாரும் அதுவரை ஆராய்ந்திராத ஒரு களையில் இவ்விரண்டும் நாம் தேடுவதை மட்டுமே காட்டும் என்பதே என் தயக்கம்.

வெள்ளை ஈ பரப்பும் பெகோமோவைரஸ்களின் மரபணுத்தொகுதி, ஏறத்தாழ 2,700 நியூக்ளியோடைடுகள், அதாவது மரபணு எழுத்துகள், கொண்ட ஓரிழை டி.என்.ஏ. வளையங்களால் ஆனது. ஃபை29 என்னும் நொதி, வரிசை தெரியாமலேயே இத்தகைய வளையங்களைச் சுற்றிச்சுற்றிப் படியெடுத்துப் பெருக்கித் தரும். டி.என்.ஏ.வுக்குப் பதில் ஆர்.என்.ஏ.வை மரபுப்பொருளாகக் கொண்ட வைரஸ்களுக்கு வேறு வழி உண்டு: தன்னைத் தாக்கும் வைரஸைச் செடி 21 முதல் 24 நியூக்ளியோடைடுகள் நீளமுள்ள துண்டுகளாக நறுக்கிவிடுகிறது, அத்துண்டுகளை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் வைரஸின் வரிசை மீண்டு வரும். செடியின் தற்காப்பே நமக்குச் சாட்சியாகிவிடுகிறது!

கிடைத்த வரிசைக்குப் பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். பெகோமோவைரஸ்களில் டி.என்.ஏ.-ஏ எனப்படும் முதன்மை வளையம் முழுவதும், அறியப்பட்ட எந்த இனத்தோடும் 91 விழுக்காடு ஒத்துப்போகாவிட்டால் அது புதிய இனம். இவை தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்பவை என்பதால், உறைப்புரத மரபணு ஒன்றை மட்டும் வாசித்து முடிவு சொல்வது ஒரு கையை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் காட்டுவதைப் போன்றது.

முழு வரிசையும்கூடப் போதாமல் போகலாம். அஜெரேட்டம் என்னும் களையின் மஞ்சள் நரம்பு வைரஸைப் பிரித்து, அதன் படியை அதே செடிக்குள் செலுத்தியபோது, அச்செடிக்கே உரிய அந்த மஞ்சள் தோன்றவில்லை. ஏறத்தாழ 1,350 நியூக்ளியோடைடுகளே கொண்ட பீட்டாசாட்டிலைட்டையும் சேர்த்துச் செலுத்திய பிறகே நோய் முழு உருவில் வந்தது. இது 2000இல் வெளியான முடிவு. வைரஸின் அளவுள்ள வளையத்தை மட்டும் தேடியிருந்தால் அந்தத் துணை கண்ணில் பட்டிருக்காது.

களையிலும் பக்கத்துப் பயிரிலும் ஒரே வரிசை கிடைத்தவுடன் களையே நோயின் ஊற்று என்று தீர்ப்பெழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. வைரஸைச் சுமக்கும் வெள்ளை ஈ பயிரிலிருந்து களைக்கும் போகும். அறிகுறியே இல்லாமல் வைரஸைச் சுமக்கும் செடிகளும் உண்டு என்பதால், மஞ்சளான களையை மட்டும் பறிக்காமல் அதனருகே பச்சையாக நிற்பதையும், பயிர் இல்லாத பருவத்தில் நிற்பதையும் சேர்த்தே மாதிரி எடுக்க வேண்டும்.