பெயரை மறைத்து டிராஃப்ட் செய்து பார்த்தேன்

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை மாலைகள் ஒரே வேலைக்குப் போகின்றன. என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். அதன் அணிகள் ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை வரிசைமுறையில் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். பழைய டிராஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வேன். அந்த ஆண்டு கல்லூரியிலிருந்து வந்த ஆட்டக்காரர்களை நானே மறுபடி வரிசைப்படுத்துவேன். பிறகு அவர்கள் உண்மையில் என்ன ஆனார்கள் என்று பார்ப்பேன். கல்லூரியில் ஆடிக் காட்டிவிட்டவரை எடுப்பதா, இன்னும் ஆடிக் காட்டாத, ஆனால் வளர்வார் என்று தோன்றுகிறவரை எடுப்பதா என்ற கேள்விதான் என்னை இதில் இறக்கியது.

முறை எளிது. தங்கை அட்டைகள் எழுதித் தருகிறாள். முன்பக்கம் வயது, உயரம், ஆடிய நிமிடங்கள், புள்ளி, அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்), ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்தது), ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) விழுக்காடு. பின்பக்கம் பெயர். சில அட்டைகளை எண்ணைப் பார்த்த உடனேயே யாரென்று கண்டுபிடித்துவிடுகிறேன். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, நினைவு குறுக்கிடாதவற்றை மட்டும் கணக்கில் சேர்க்கிறேன்.

முதல் சில வாரங்கள் புள்ளியை மட்டும் நம்பினேன். 2006-இல் கொன்சாகாவின் ஆடம் மாரிசன் ஆட்டத்துக்கு 28.1 புள்ளி. 2011-இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃப்ரெடெட் 28.9. 2014-இல் கிரெய்ட்டனின் டக் மெக்டெர்மட் 26.7. மூவரும் என் பட்டியலில் மேலே நின்றார்கள். மாரிசனுக்கு முழங்கால் காயமும் சேர்ந்துகொள்ள, என்.பி.ஏ. வாழ்க்கை சீக்கிரமே முடிந்தது. ஃப்ரெடெட் நிலையான இடம் பிடிக்கவில்லை. மெக்டெர்மட் நல்ல ஷூட்டராகப் பல ஆண்டுகள் நீடித்தார், ஆனால் அணியைத் தாங்கும் ஆளாக இல்லை. அதே 2014 அட்டைகளில் 9.4 புள்ளி எடுத்த 19 வயதுப் பையன் ஒருவரை அடியில் தள்ளியிருந்தேன். அட்டையைத் திருப்பினால் ஸாக் லவீன். யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர், பின்னாளில் ஆல்-ஸ்டார், அதாவது லீக்கின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆண்டு ஆட்டத்துக்குத் தேர்வானவர்.

சரி, இளமைக்கு அதிக எடை கொடுப்போம் என்று மறுபக்கம் சாய்ந்தேன். அங்கே 2009 என்னைத் தடுத்து நிறுத்தியது. மெம்ஃபிஸ் அணி இரண்டாவது தேர்வாக எடுத்தது, 7 அடி 3 அங்குல உயரம் கொண்ட ஹஷீம் தபீத்தை. வளர்ச்சிக்கு இடம் உள்ளவர் என்ற நம்பிக்கை. ஏழாவதாகப் போனவர் டேவிட்சன் கல்லூரியின் ஸ்டீஃபன் கர்ரி. ஆட்டத்துக்கு 28.6 புள்ளி எடுத்து அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தவர். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்து வயதைப் பார்த்தேன். தபீத்துக்கு 22, கர்ரிக்கு 21. வளர்வார் என்று எடுக்கப்பட்டவர் ஒரு வயது மூத்தவர்! என்.பி.ஏ.யில் தபீத்தின் சராசரி கடைசியில் 2.2 புள்ளியாக நின்றது. வளர்ச்சி என்று பலர் சொன்னது உண்மையில் உயரத்தைத்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. என் தாளில் ‘எதிர்காலம்’ என்று இருந்த கட்டத்தை அடித்துவிட்டு, வயது ஒரு கட்டம், உடல்வாகு ஒரு கட்டம் என்று பிரித்தேன். இந்த மூன்று மாதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட மாற்றம் இதுதான்.

அடுத்து வந்தது 2015. இதில் மட்டும் மூன்று ஞாயிறுகள் கழிந்தன. அந்த ஆண்டு கென்டக்கி பல்கலைக்கழக அணி 38 ஆட்டங்கள் தோற்காமல் வந்து, கல்லூரிப் போட்டியின் இறுதி நான்கு அணிகள் சுற்றில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திடம் 71-64 என்று தோற்றது. விஸ்கான்சினின் தூண் ஃப்ராங்க் கமின்ஸ்கி. நாலாம் ஆண்டு மாணவர், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர், சராசரி 18.8. எதிரணியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஒரு முதலாண்டு மாணவரின் சராசரி சரியாக 10. அவர் டெவின் புக்கர். டிராஃப்டில் கமின்ஸ்கி 9, புக்கர் 13.

புள்ளியை மட்டும் பார்த்தால் இடைவெளி ஏறக்குறைய 9. ஆனால் கென்டக்கியில் ஆள் அதிகம். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் பயிற்சியாளர் ஜான் கேலிபாரி ஐந்து ஐந்து பேராகவே பிரித்து இறக்கினார். அந்த ஒரே அணியிலிருந்து ஆறு பேர் டிராஃப்டில் போனார்கள், நால்வர் முதல் 13 இடங்களுக்குள். புக்கருக்குக் கிடைத்தது ஆட்டத்துக்கு ஏறக்குறைய 21 நிமிடம், கமின்ஸ்கிக்கு 33-க்கு மேல். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம் என்பதால் இருவரையும் 40-க்கு மாற்றிப் போட்டேன். இடைவெளி நாலு புள்ளியாகச் சுருங்கியது. அதோடு வயதைச் சேர்த்தேன். டிராஃப்ட் நாளில் ஒருவருக்கு 22, மற்றவருக்கு 18. நாலு வயதுக்கு நாலு புள்ளி! இருபதுக்குள் இருக்கும் பையன் ஓர் ஆண்டில் எவ்வளவு தேறுவான் என்பதற்குக் கமின்ஸ்கியே சாட்சி. அவருடைய முதலாண்டுச் சராசரி 1.8, இரண்டாம் ஆண்டு 4.2. புக்கர் இரண்டு ஆண்டு கழித்து பாஸ்டனில் ஒரே ஆட்டத்தில் 70 புள்ளி எடுத்தபோது அவருக்கு வயது 20.

இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் இளையவர்களை எல்லாம் மேலே ஏற்றத் தொடங்கியிருந்தேன். தங்கை 2018 அட்டைகளை நீட்டினாள். “இந்தப் பையனை ஏன் அண்ணா கீழே வைத்தாய்? எல்லா எண்ணும் நன்றாகத்தானே இருக்கின்றன?” என்று கேட்டாள். வயது 21, உயரம் 6 அடி 2 அங்குலம், இனி வளர என்ன இருக்கிறது என்று பதில் சொன்னேன். அவள் அட்டையைத் திருப்பினாள். ஜேலன் பிரன்சன்.

வில்லனோவா பல்கலைக்கழக அணி 2016, 2018-இல் வென்ற இரண்டு சாம்பியன் பட்டங்களிலும் ஆடியவர். 2018-இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். அந்த அணியிலிருந்து நால்வரை எடுத்தார்கள், விருது வாங்கிய அவர்தான் கடைசி, 33-ஆம் இடம். டாலஸ் அணி எடுத்தது, பிறகு நியூயார்க் போய் ஆல்-ஸ்டார் ஆனார். என்.பி.ஏ. அணிகள் செய்த அதே பிழையை நானும் என் மேசையில் செய்திருக்கிறேன். மூன்று ஆண்டு வெற்றி பெறும் அணியில் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தியதைக் குறிக்க என் தாளில் கட்டமே இல்லை. இப்போது இருக்கிறது. ‘என்ன பொறுப்பு’ என்று பெயர்.

ஃப்ரீ த்ரோ கட்டம் தனிக் கதை. யாரும் தடுக்காமல் எறிவது என்பதால், தூரத்திலிருந்து எறியும் திறன் பின்னாளில் வருமா என்பதை மூன்று புள்ளி (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) விழுக்காட்டைவிட இது நன்றாகக் காட்டும் என்று பலர் சொல்கிறார்கள். கர்ரியும் புக்கரும் கல்லூரியிலேயே நூற்றுக்கு எண்பதுக்கு மேல். ஆனால் 2016-இல் இது என்னை ஏமாற்றியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜேலன் பிரவுன் 65.4 விழுக்காடு, மூன்று புள்ளியில் 29.4. அவரை விட்டு ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுத்த பட்டி ஹீல்டை மேலே வைத்தேன். பிரவுன் 2024-இல் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். எறிதலை உழைத்துச் சீராக்கிக்கொள்ள முடியும். அந்தக் கட்டத்தின் எடையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். முதல் சுற்றில் எடுத்தவரின் ஒப்பந்தம் நாலு ஆண்டு வரை ஓடும். 19 வயதில் எடுத்தவர் முழுதாகத் தேறும்போது அது முடிந்திருக்கலாம். லவீனை எடுத்தது மினசோட்டா, ஆனால் அவர் ஆல்-ஸ்டார் ஆனது சிகாகோ சட்டையில். காத்திருக்கத் தெரியாத அணிக்கு இளையவரை எடுப்பது சரியான தேர்வல்ல என்றே நினைக்கிறேன்.

இந்த வாரம் மேசைமேல் 2012 இருக்கிறது. ஆறாவதாகப் போன டேமியன் லில்லர்டின் அட்டை, வீபர் ஸ்டேட், 24.5 புள்ளி. பக்கத்தில் 35-ஆம் இடத்து டிரேமண்ட் கிரீன், மிச்சிகன் ஸ்டேட்டில் நாலு ஆண்டு. லில்லர்ட் ஆடியது சிறிய கல்லூரிகளின் பிக் ஸ்கை பிரிவில், கிரீன் ஆடியது பெரிய கல்லூரிகளின் பிக் டென் பிரிவில். எதிரணியின் பலத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று நேற்று இரவு மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் லில்லர்ட் நியாயமில்லாமல் கீழே இறங்குகிறார். பெரிய கல்லூரிகளுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியாக எழுதித் தரும்படி தங்கையிடம் கேட்டிருக்கிறேன்.