துணி துவைக்கவா காசு?

புதிதாக ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது சிங்க் குழாயை. அநேகமாக அதன் கழுத்தில் ஒரு துணி தொங்கும். வாங்கியபோது என்ன நிறமாக இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. தொட்டால் வழவழவென்று இருக்கும். முகர்ந்தால் புளித்த சோற்றுத் தண்ணீரும் மீன் கழுவிய நீரும் கலந்த வாடை. சாப்பாட்டு மேசையைத் துடைப்பது அதுதான், பிள்ளை சிந்திய பாலைத் துடைப்பது அதுதான், கோழி வெட்டிய பலகைக்கு அடியில் வழிந்ததைத் துடைப்பதும் அதுதான். வீடு என்னவோ பினாங்கின் தஞ்சோங் தோக்கோங்கில் கடலைப் பார்த்த கொண்டோவாக இருக்கும், தரையில் முகம் தெரியும். துணி மட்டும் இந்த லட்சணம்.

குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. துப்புரவு வேலைக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் என் கையில் இருந்த துணியும் இதே கதிதான்.

1997-இல் பத்து ஃபெரிங்கியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் சேர்ந்தேன். ஒரு ஷிஃப்டுக்குப் பதினாலு அறை. கிழிந்த குளியல் துண்டை நாலாக வெட்டி, காலையில் ஆளுக்கு ஐந்து துண்டு கொடுப்பார்கள். பேசின், கண்ணாடி, டாய்லெட், மேசை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஒரே வாளித் தண்ணீரில் முக்குவது, பிழிவது, துடைப்பது, மறுபடி முக்குவது. நாலாவது அறைக்குள் போகும்போது வாளித் தண்ணீர் தே தாரேக், அதாவது பால் டீ, நிறத்துக்கு வந்திருக்கும். வேலை முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது துணிகளைக் குழாயில் காட்டிப் பிழிந்து, மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறையில் ஒரு கம்பியில் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பினாங்குக் காற்றில் வெளியே போட்ட துணியே சட்டென்று காயாது, அங்கே எப்படிக் காயும்? மறுநாள் காலையில் போட்ட ஈரம் போட்டபடி, கூடவே ஒரு முடைநாற்றம். அதை மறைக்க வாசனைத் திரவம் நாலு சொட்டு விட்டுக்கொள்வோம். அறை மணக்கும். விருந்தாளிக்கு அது போதும்.

படுக்கை விரிப்பைத் துவைக்க லாண்டரி இருந்தது. குளியல் துண்டுக்கு இருந்தது. எங்கள் சீருடைக்குக்கூட இருந்தது. துடைக்கிற துணிக்கு மட்டும் யாரும் இல்லை. எங்கள் எட்டு மணி நேரக் கணக்கில் அதைத் துவைப்பதற்கு ஒரு நிமிஷம்கூட எழுதப்படவில்லை. அது எப்படியோ தானாகச் சுத்தமாகிவிடும் என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். நாங்களும் கேட்கவில்லை.

இதை என் அம்மா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். நிபோங் திபால் பக்கம் தோட்டத்து வீட்டில் அவரிடம் மூன்று வகைத் துணி இருந்தது. அடுப்பில் பானை இறக்கக் கரித்துணி, சாப்பிட்ட இடம் துடைக்க ஒன்று, தரைக்கு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி ஆணி. சனிக்கிழமை மத்தியானம் மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொதிக்கும், சலவைச் சோடா விழும். சாப்பாட்டுத் துணி முதலில், கரித்துணி அப்புறம், தரைத்துணி கடைசியில். குச்சியால் கிண்டிக்கொண்டே "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பார். அந்தப் பழமொழி கட்டிக்கொள்கிற துணிக்குச் சொன்னது, அவர் தரைத்துணிக்கும் சேர்த்துக்கொண்டார். பிறகு செம்பருத்தி வேலியில் நல்ல வெயிலில் விரித்துப் போடுவார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்தான் நான். சீருடை போட்டதும் மறந்துவிட்டேன். வீட்டு வேலை வேறு, சம்பள வேலை வேறு என்று ஒரு நினைப்பு.

2009-இல் ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனைக்கு மாறினேன். அங்கே துணிக்கு நிறம் உண்டு. சிவப்பு கழிப்பறைக்கு, நீலம் வார்டின் பொது இடங்களுக்கு, பச்சை சாப்பாடு புழங்கும் இடத்துக்கு, மஞ்சள் தொற்றுநோயாளியைத் தனியாக வைத்திருக்கும் அறைக்கு. ஒன்றின் இடத்துக்கு இன்னொன்று போகக்கூடாது. முதல் வாரத்தில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி மாதிரி இருக்கிறதே என்று சிரித்தோம். துணியை நாலாக மடிக்கச் சொன்னார்கள். பாதியாக ஒரு மடிப்பு, மறுபடி பாதியாக ஒரு மடிப்பு. திருப்பித் திருப்பிப் பிரித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஓர் இடத்துக்கு ஒரு முகம். எட்டும் தீர்ந்தால் துணி பைக்குள் போய்விட வேண்டும், வாளிக்குள் திரும்பக்கூடாது.

எனக்கு அது வீண் பகட்டாகப் பட்டது. நல்ல முகம் நாலு பாக்கி இருக்கிறதா என்று யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? பார்க்க அழுக்காகத் தெரியாத முகத்திலேயே இரண்டு மூன்று இடம் துடைத்துவிடுவேன்.

நோய்த்தொற்றுத் தடுப்புப் பிரிவில் ஒரு சிஸ்டர் இருந்தார். தமிழ்தான், பேச்சு குறைவு. ஒருநாள் நான் ஓர் அறையை முடித்துவிட்டு வெளியே வந்ததும், "அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க, ஒன்னு காட்டுறேன்" என்றார். திரையை இழுத்து, விளக்கை அணைத்து, கையிலிருந்த சின்ன டார்ச்சை அடித்தார். ஊதா வெளிச்சம். நான் வருவதற்கு முன்பே கட்டில் கம்பியில் ஒரு ஜெல்லைப் பொட்டு மாதிரி வைத்திருக்கிறார். சாதாரண வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, அந்த டார்ச்சில் மட்டும் ஒளிரும். கம்பியில் பொட்டு இல்லை. நன்றாகத்தான் துடைத்திருக்கிறேன் என்று நிமிர்ந்தேன். அவர் டார்ச்சை நகர்த்தினார். நோயாளி சாப்பிடும் மேசைமேல் ஒரு நீளமான தீற்று, விபூதியை ஈரக்கையால் இழுத்த மாதிரி. அதற்கப்பால் அலமாரிக் கைப்பிடியில் கொஞ்சம். நர்ஸைக் கூப்பிடும் பொத்தானில் கொஞ்சம். நான் துடைத்த வரிசை அப்படியே ஒளிர்ந்துகொண்டிருந்தது.

சிஸ்டர் திட்டவில்லை. "கம்பி சுத்தம்" என்று மட்டும் சொல்லி விளக்கைப் போட்டார். ஹோட்டலில் கழித்த பன்னிரண்டு வருஷத்தையும் யாரோ இப்படி டார்ச் அடித்துக் காட்டினால் என்ன தெரியும் என்று அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

அந்த மருத்துவமனையில் துடைத்த துணியை நாங்கள் குழாயில் காட்டியதே இல்லை. மூட்டையாகக் கட்டி லாண்டரிக்கு அனுப்புவோம். அங்கே இருந்த அண்ணன் ஒருவர், 65 டிகிரி சூட்டில் பத்து நிமிஷம், இல்லை 71 டிகிரியில் மூன்று நிமிஷம் இருக்க வேண்டும், கிருமி சாக அதுவே கணக்கு என்பார். சாமி கும்பிடும்போது மந்திரம் சொல்வதுபோல அதைச் சொல்வார்.

2019-இல் சொந்தமாக வீடுகளுக்கு வேலை எடுக்கத் தொடங்கினேன். கூட இரண்டு பெண்கள். முதல் செலவாக மைக்ரோஃபைபர் துணி நாற்பது வாங்கினேன். மருத்துவமனைப் புத்திதான். வாங்கிய ஒரே மாதத்தில் அத்தனையையும் கெடுத்தேன். வெள்ளையாக, வாசமாக இருக்க வேண்டும் என்று குளோராக்ஸ் என்கிற வெளுப்புத் திரவத்தில் ஊறவைத்தேன், அலசும்போது துணி மென்மையாக்கும் திரவமும் ஊற்றினேன், பழைய பருத்தித் துண்டுகளோடு சேர்த்துப் போட்டேன். மூன்றும் தப்பு. மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் நைலான் வகை இழையும் மெல்லிசாகப் பிளந்து நெய்தது. அந்தப் பிளவில்தான் அழுக்கு மாட்டுகிறது. மென்மையாக்கி அதன்மேல் பூச்சாகப் படிந்துவிடும், குளோராக்ஸ் இழையையே அரித்துவிடும், பருத்தியின் பஞ்சுத் தூளையெல்லாம் அது வாரிக்கொள்ளும். அப்புறம் அதை வைத்துக் கண்ணாடியைத் துடைத்தால் எண்ணெய்த் தலையில் தண்ணீர் ஊற்றிய மாதிரி, ஈரம் அங்குமிங்கும் ஓடுகிறதே தவிர ஒட்டவில்லை. நல்ல வாசம் மட்டும் வந்தது.

அடுத்த வருஷம் மார்ச் 18-ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வேலை நின்றது. மறுபடி வீடுகளுக்குப் போனபோது எல்லாருக்கும் குளோராக்ஸ் பைத்தியம் பிடித்திருந்தது. கொஞ்சம் போட்டால் கொஞ்சம் சுத்தம், நிறையப் போட்டால் நிறையச் சுத்தம் என்று நினைத்தார்கள். ஒரு வீட்டில் துணி ஊறவைத்த வாளியில் குளோராக்ஸோடு டாய்லெட் கழுவும் திரவத்தையும் ஊற்றி மூடி வைத்திருந்தார்கள். தெரியாமல் மூடியைத் திறந்தேன். தொண்டையில் மிளகாய்ப்பொடி அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. கண் எரிச்சல், இருமல். பால்கனிக்கு ஓடிப்போய் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். குளோராக்ஸோடு அமிலம் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் ஆளைக் கொல்ல விட்டார்களே, அதே வாயு. என் இரண்டு பெண்களுக்கும் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அன்றிலிருந்து அதுதான்: குளோராக்ஸ் தனி, பக்கத்தில் தண்ணீரைத் தவிர எதுவும் வரக்கூடாது.

இப்போது எங்கள் வழக்கம் இப்படி. ஒரு வீட்டுக்கு இருபது துணி கொண்டுபோவோம், அலசாமல் மாற்றிக்கொண்டே துடைப்போம், ஈரத் துணிகள் தனிப் பையில் வீட்டுக்கு வந்துவிடும். 2024 ஜனவரியில் பினாங்கில் சில நாள் தண்ணீர் நின்றதே, அப்போதும் வேலை நிற்காததற்கு இதுதான் காரணம். பையில் ஒரு ராத்திரிகூட வைப்பதில்லை, வைத்தால் பழைய ஹோட்டல் வாடை வந்துவிடும். முதலில் உதறி, சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டும். அழுக்கோடு குளோராக்ஸில் போட்டால் அதன் வீரியத்தை அழுக்கே தின்றுவிடும். மைக்ரோஃபைபர் என் மெஷினில் 60 டிகிரியில் தனியாக ஓடும். கழிப்பறைக்கு வெள்ளைப் பருத்திதான். துவைத்த பிறகு ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு நாலு தேக்கரண்டி குளோராக்ஸ், பத்து நிமிஷம், அப்புறம் நன்றாக அலசல். சுடுதண்ணீரில் அது சீக்கிரம் செத்துவிடும், நேற்றுக் கலந்தது இன்றைக்கு உதவாது. வெள்ளைக்கு ஏது நிறக்கணக்கு என்றால், ஓரத்தில் நூல் அடித்து வைத்திருக்கிறேன். மருத்துவமனைக் கணக்குப்படியே சிவப்பு நூல், நீல நூல், பச்சை நூல். சாயத் துணி குளோராக்ஸில் வெளுத்துவிடும், தையல் நூல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. எச்சமோ வாந்தியோ என்றால் டிஷ்யூ, நேராகக் குப்பை. அதில் சிக்கனம் பார்க்க மாட்டேன்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டாமா? வீட்டுக்கு அரை மணி நேரம் என்று கணக்கில் சேர்த்தேன். குளுகோரில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் பில்லைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது, துணி துவைக்கவா காசு? மெஷின்தானே துவைக்குது?"

"மெஷின் துவைக்குது டீச்சர். பிரிக்கிறது, ஊறவைக்கிறது, காயப்போடுறது, மழை வந்தா ஓடுறதெல்லாம் நாங்கதான்."

அவர் லேசில் விடுகிறவர் இல்லை. மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் 2018-இல் செய்த ஒரு சோதனையைப் பற்றி என் மகள் சொல்லியிருந்தாள், அதை எடுத்துவிட்டேன். ஒரு மாதம் புழங்கிய நூறு சமையலறைத் துண்டுகளைச் சோதித்ததில் 49-இல் கிருமி வளர்ந்திருந்தது. ஈரமாகக் கிடந்ததிலும் பல வேலைக்குப் பயன்பட்டதிலும்தான் அதிகம். டீச்சர் எழுந்துபோய் தன் வீட்டுக் குழாயில் தொங்கிய துணியை எடுத்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் போனபோது பின்கட்டுக் கொடியில் ஏழு துணி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது, நாளுக்கு ஒன்று.

"இனிமே நானே துவைச்சிக்கிறேன். அந்த அரை மணி நேரத்தை எடுத்துடுங்க."

சொல்லிக்கொடுத்துப் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டேன். மற்ற வீட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறார்கள்.

நான் இருப்பது ஆயர் ஈத்தாமில் ஒரு ஃபிளாட்டில், பதினோராம் மாடி. மழை விடாமல் பெய்கிற அக்டோபர் மாதத்தில் டோபிக்கு, அதாவது காசு போட்டு மெஷின் ஓட்டும் சலவைக் கடைக்குப் போய்க் காய வைப்பேன், சிவப்பு நூல் துணியை மட்டும் கொண்டுபோக மாட்டேன். என்ன துவைத்திருந்தாலும், அடுத்தவர் பிள்ளை சட்டை போடுகிற டிரம் அது. அதை வீட்டிலேயே இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காய வைப்பேன். வெயில் நாளில் எல்லாமே ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் தொங்கும்.

போன மாதம் ஒருநாள் நல்ல காற்று. சாயங்காலம் எண்ணினால் ஒன்று குறைந்தது. கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டுத் தம்பி கதவைத் தட்டினார். கையில் என் துணி, ஓரத்தில் சிவப்பு நூல்.

"அக்கா, இது உங்களுதா? எங்க கழியில வந்து விழுந்துச்சி. ரொம்ப சுத்தமா இருந்திச்சா, சாப்பாட்டு மேசையைத் துடைச்சிட்டேன். நல்லா துடைக்குது."

சோப்பில் துவைத்து, குளோராக்ஸில் ஊறி, ஒரு பகல் முழுக்க வெயில் குடித்த துணி. அவர் வீட்டுக் குழாயில் தொங்குவதைவிட அது நூறு மடங்கு சுத்தம், எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு உள்ளே போய், பச்சை நூல் அடித்த துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"ஏன் அக்கா, அதே நல்லாத்தானே இருக்கு?"

"அது வேலைத் துணி தம்பி. மேசைக்கு இத வச்சிக்குங்க."